விளக்கில்லாத ஊர்கள்: ஒரு பஞ்சாப் கிராமத்தின் மக்கள்தொகையை வாசிப்பது எப்படி?

பஞ்சாபின் வருவாய்த் துறைக் கணக்குகளில் ‘பேசிராக்’ என்றொரு சொல் அடிபடும். சிராக் என்றால் விளக்கு. விளக்கில்லாத ஊர் பேசிராக். எல்லை உண்டு, பட்டா உண்டு, ‘ஹத்பஸ்த்’ எனப்படும் ஊர் வரிசை எண்ணும் உண்டு. குடியிருக்க ஆள்தான் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் மொத்தம் 12,581 கிராமங்கள். ஆள் வாழ்வது 12,168-இல். மிச்சமுள்ள 413 ஊர்களில் அந்திக்கு விளக்கேற்ற யாரும் கிடையாது. ஆனாலும் கணக்கெடுப்பு அட்டவணையில் அவற்றுக்கும் ஒரு வரி உண்டு, மக்கள்தொகைக் கட்டம் மட்டும் வெறுமையாக.

அரசின் ஏட்டில் கிராமம் என்பது முதலில் நிலம், அப்புறம்தான் ஜனம். இது மனதில் இருந்தால் பஞ்சாப் ‘பிண்ட்’ (கிராமம்) ஒன்றின் மக்கள்தொகை எண்ணைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு பார்ப்போம். அங்கே எல்லைக்கல் அசையவில்லை. அதற்குள் இருக்கும் ஆட்கள் எண்பது வருஷங்களாக நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். சிலர் எல்லை தாண்டிப் போனார்கள், சிலர் கடல் தாண்டி. அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு வேறு யாரோ வந்தார்கள். பிறக்காமலே போனவர்களும் இருக்கிறார்கள்.

2011-இல் பஞ்சாபின் கிராமப்புற மக்கள்தொகை 1 கோடியே 73 லட்சம். ஆள் வாழும் ஊர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஊருக்குச் சராசரியாக 1,425 பேர். சின்ன ஊர்கள்தான். மாவட்டக் கையேட்டில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வரி: வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தவர், தொழில் செய்வோர். அதில் எதை வாசிக்கலாம், எது அங்கே எழுதப்படவே இல்லை என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம்.

பழங்குடியினர் கட்டத்தை முதலில் முடித்துவிடலாம். எல்லா ஊரிலும் அது பூஜ்யம். பஞ்சாபுக்கென்று பழங்குடிப் பட்டியலே அறிவிக்கப்படவில்லை. பாசிகர், சான்சி, பவுரியா போன்ற நாடோடிச் சமூகங்கள் அங்கே பட்டியல் சாதிக் கட்டத்தில் வருகின்றன. ஆக, அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து அந்தச் சமூகங்களே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

மதம் ஊர்வாரியான அட்டவணையில் வருவதே இல்லை. மாநில அளவில் சீக்கியர் 57.7 சதவீதம், இந்துக்கள் 38.5. கிராமப்புறத்தில் சீக்கியர் பங்கு இன்னும் அதிகம். சாதியும் அப்படியே. நிலம் வைத்திருக்கும் ஜட் சீக்கியர்தான் ஊரின் ஆதிக்கச் சாதி, ஆனால் ஓர் ஊரில் அவர்கள் எத்தனை பேர் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. எல்லாச் சாதிகளையும் எண்ணி அச்சிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931-இல் நடந்தது.

போனவர்கள், முதல் முறை

‘பரம்பரை பரம்பரையாக இந்த மண்ணில்’ என்ற பேச்சு பஞ்சாபில் நிறையக் கேட்கும். பல ஊர்களில் அந்தப் பரம்பரையின் வயது 1947-இலிருந்துதான் தொடங்குகிறது. 1941 கணக்கெடுப்பில் ஜலந்தர் மாவட்டத்தில் நூற்றுக்கு 45 பேர் முஸ்லிம்கள். 1947 இலையுதிர் காலம் முடிவதற்குள் அவர்கள் அநேகமாக யாருமே அங்கில்லை. கொல்லப்பட்டவர்கள் போக மற்றவர்கள் மேற்கே போனார்கள். இன்று பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர், ஷேக்குபுரா போன்ற கால்வாய்ப் பாசனப் பகுதிகளிலிருந்து சீக்கிய, இந்துக் குடும்பங்கள் கிழக்கே வந்தன. போனவர்கள் விட்ட நிலம் வந்தவர்கள் இழந்த நிலத்தைவிடக் குறைவு. அதனால் ‘ஸ்டாண்டர்ட் ஏக்கர்’ என்று மண்ணின் விளைச்சலை வைத்து ஓர் அளவு வகுத்தார்கள். அதிகம் இழந்தவருக்கு அதிக வெட்டு என்று படிப்படியாகக் குறைத்துப் பங்கிட்டார்கள். அரசு செய்த பிரம்மாண்டமான கூட்டல் கழித்தல் அது.

விதிவிலக்கு மாலேர்கோட்லா. அந்தப் பழைய சமஸ்தானத்தில் முஸ்லிம்கள் தங்கினார்கள், இன்றும் இருக்கிறார்கள். 2021-இல் அது தனி மாவட்டமானது. மற்ற இடங்களில் ஊர் மசூதி வைக்கோல் போடும் இடமாகவோ வீடாகவோ குருத்வாராவாகவோ மாறியது. மாநில அளவில் முஸ்லிம்கள் இப்போது 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

மூன்றில் ஒரு பங்கு

பட்டியல் சாதிக் கட்டம்தான் பஞ்சாப் அட்டவணையில் கனமானது. மாநில மக்கள்தொகையில் 31.9 சதவீதம். இந்திய மாநிலங்களில் இதுதான் மிக அதிகம். கிராமப்புறத்தில் 37 சதவீதத்தையும் தாண்டும். நவான்ஷஹர், முக்த்சர் போன்ற மாவட்டங்களில் 42. ‘சீக்கிய மதத்தில் சாதி கிடையாதே’ என்று கேட்பவருக்கு அரசியல் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 1950-இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டபோதே, பஞ்சாபின் மஸ்ஹபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் என்ற நான்கு சீக்கியச் சாதிகளை விதிவிலக்காகச் சேர்த்தது. 1956-இல்தான் எல்லாப் பட்டியல் சாதிச் சீக்கியருக்கும் அது விரிந்தது.

2001-இல் இந்தப் பங்கு 28.9 சதவீதம். பத்தே வருடத்தில் மூன்று புள்ளி ஏறியது எப்படி? நானே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அந்தப் பத்தாண்டில் பட்டியல் சாதியினர் 70.3 லட்சத்திலிருந்து 88.6 லட்சமானார்கள், 26 சதவீத ஏற்றம். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கூடியது 9 சதவீதம். இதைப் பார்த்தவுடன் ‘அவர்கள் பிள்ளை பெற்றுத் தள்ளுகிறார்கள்’ என்று திண்ணைப் பேச்சு தொடங்கிவிடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். 2007-இல் மஹதம், ராய் சீக் சமூகங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பிரோஸ்பூர்ப் பக்கம் சட்லெஜ் கரையோரம் கணிசமாக வாழ்பவர்கள் அவர்கள். 2001-இல் மறு பக்கத்தில் எண்ணப்பட்டவர்கள் 2011-இல் இந்தப் பக்கம் வந்தார்கள். ஒரு பக்கம் கூடினால் மறு பக்கம் அதே அளவு குறையும் அல்லவா? ஏற்றத்தில் ஒரு பகுதி இப்படிப் பேனா முனையில் நடந்தது. இன்னொரு பகுதி, நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால். பிறப்பு விகிதத்துக்கும் பங்கு உண்டுதான், ஆனால் முழுப் பழியும் அதன்மேல் இல்லை.

ஊருக்குள் நடந்து பார்த்தால் இந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சட்லெஜுக்குத் தெற்கே உள்ள மால்வா பகுதியில் ‘வேஹ்ரா’ என்பார்கள், நம்மூர்ச் சேரிபோல ஊரின் ஒரு ஓரத்தில். பல ஊர்களில் குருத்வாராவே இரண்டு, சுடுகாடும் இரண்டு. ஆனால் சாகுபடி நிலத்தில் இவர்கள் கையில் இருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. 1961-இன் கிராமப் பொதுநிலச் சட்டப்படி, ஊராட்சிக்குச் சொந்தமான சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஏலத்தில் பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விட வேண்டும். நடைமுறையில் பண்ணையார் தன்னிடம் வேலை செய்யும் ஒருவரைப் பெயருக்கு ஏலத்தில் நிறுத்தி நிலத்தைத் தானே உழுவார். இதை எதிர்த்து 2014 வாக்கில் சங்ரூர் மாவட்ட ஊர்களில் தலித்துகள் கூட்டாகச் சேர்ந்து ஏலம் எடுக்கத் தொடங்கினார்கள். மண்டை உடைந்தது, வழக்குகள் வந்தன, சில ஊர்களில் நிலமும் வந்தது. ஊராட்சித் தேர்தலின் இட ஒதுக்கீடும் மத்தியத் திட்டங்களும்கூட இந்தக் கட்டத்தின் எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. அட்டவணையிலேயே பணமும் பதவியும் ஒட்டியிருக்கும் கட்டம் இதுதான்.

பிறக்காதவர்கள்

லூதியானா மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி கன்னா என்ற ஊர் இருக்கிறது. இப்போது அதன் தானிய மண்டிக்காகப் பெயர் பெற்றது. 1950-களில் அதன் சுற்றுக் கிராமங்களுக்கு ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். இந்தியக் கிராமங்களில் பிள்ளைகள் அதிகம், கருத்தடை வசதியைக் கையில் கொடுத்தால் பிறப்பு குறையுமா என்று சோதிக்க வந்தார்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம், இந்திய அரசின் ஒத்துழைப்பு. வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, மாதவிடாய் வரை பதிவுசெய்தார்கள். நுரை மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மக்களும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

1970-இல் மஹ்மூத் மம்தானி என்ற இளம் ஆய்வாளர் அங்கே மானுபூர் கிராமத்துக்குப் போனார். (நியூயார்க் மேயர் தேர்தலில் வென்ற சோரான் மம்தானியின் தந்தை இவர்தான்.) ஒரு வீட்டில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கி ஒட்டிச் சிற்பமாகச் செய்து வைத்திருந்ததைப் பார்த்தார். வாங்கிய பலர் மாத்திரையைத் தொடவே இல்லை. தேடி வந்து கொடுப்பவரிடம் வேண்டாமென்று சொல்வது பண்பில்லை, அதனால் வாங்கினோம் என்றார்கள். பிள்ளைகள் அவர்களுக்கு வயலில் கூலியில்லாத கை, வயதான காலத்தில் ஊன்றுகோல். ‘எங்களிடம் எதற்கு இதைச் சொல்கிறீர்கள்’ என்பதுதான் அந்தச் சிற்பத்தின் பொருள் என்று எனக்குப் படுகிறது.

அதன்பின் மாத்திரை கொடுத்தவர்களும் எதிர்பார்க்காதது நடந்தது. டிராக்டர் வந்தது, களைக்கொல்லி வந்தது, வயலில் சின்னக் கைகளுக்கு வேலை போனது. நிலம் பங்கு பிரியும் பயம் வந்தது. பிறப்பு தானாகக் குறைந்தது. 1984-இல் அதே கன்னா கிராமங்களை மறுபடி ஆராய்ந்த மோனிகா தாஸ் குப்தா கண்டது வேறொரு கணக்கு. எல்லாப் பெண் குழந்தைகளும் ஒரே மாதிரி புறக்கணிக்கப்படவில்லை. முதல் பெண் பெரும்பாலும் தப்பிவிடுகிறாள். ஏற்கெனவே அக்கா இருக்கும் வீட்டில் பிறக்கும் பெண்தான் அதிகம் சாகிறாள். தாய் படித்தவளானால் குழந்தை இறப்பு மொத்தத்தில் குறைகிறது, ஆனால் இரண்டாவது மூன்றாவது பெண்ணுக்கு எதிரான பாரபட்சம் கூடுகிறது. படிப்பு எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி. பிள்ளை எண்ணிக்கையைக் குறைக்க முடிவெடுத்த குடும்பம், எந்தப் பிள்ளையைக் குறைப்பது என்றும் முடிவெடுத்தது.

பிறகு ஸ்கேன் கருவி வந்ததும் அந்த முடிவு பிறப்புக்கு முன்பே எடுக்கப்பட்டது. 2001-இல் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பஞ்சாபில் 798 பெண் குழந்தைகள். கன்னாவுக்குப் பக்கத்து மாவட்டமான ஃபதேகர் சாஹிபில் 766. அதே வருடம் சீக்கியரின் உயர் மதபீடமான அகால் தக்த் பெண் கருக்கொலைக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. நவான்ஷஹரில் 2005-க்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவுசெய்து தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தது. ஸ்கேன் மையங்களைக் கண்காணித்தது. 2011-இல் மாநில எண் 846-க்கு ஏறியது. நவான்ஷஹர் 885-உடன் முன்னால் நின்றது, தரன் தாரன் 820-இல் கடைசி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் பிறப்பின்போதான விகிதம் 904.

ஓர் ஊரின் வரியை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கும்போது ஒரு சிக்கல் வரும். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் 150 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 846 என்ற விகிதப்படி பெண் பிள்ளைகள் 69, ஆண் பிள்ளைகள் 81. இயற்கையாக விட்டிருந்தால் பெண் பிள்ளைகள் 73 பேர் இருந்திருப்பார்கள். வித்தியாசம் நான்கே பேர். வெறும் தற்செயலிலேயே அந்த அளவு ஊரில் ஐந்தாறு பேர் முன்னேபின்னே ஆகும். ஆக ஓர் ஊரில் விகிதம் 1,100 என்று வந்தால் சர்பஞ்சுக்கு, அதாவது ஊராட்சித் தலைவருக்கு, மாலை போடுவதும், 700 என்று வந்தால் அந்த ஊரைக் கொலைகார ஊர் என்பதும் அர்த்தமில்லாதது. நான்கு குழந்தைகள் குறைவது எந்த ஊரிலும் கண்ணில் படாது. 12 ஆயிரம் ஊர்களை ஒன்றாகக் கூட்டும்போதுதான் கைரேகை தெரிகிறது.

இன்று பஞ்சாபில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.6. ஹார்வர்ட்காரர்கள் வந்தபோது அவர்கள் கனவிலும் காணாத எண் அது. 2011-லேயே அறுபது தாண்டியவர்கள் 10.3 சதவீதம், நாட்டின் சராசரி 8.6 ஆக இருந்தபோது. பெண் குறைந்த தலைமுறை கல்யாண வயதுக்கு வந்தபோது நிலம் குறைவான வீடுகள் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மணப்பெண் கொண்டுவந்தன. அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் ‘குதேசண்’, அதாவது வேற்று மண்ணைச் சேர்ந்தவள். அட்டவணையில் அவள் ‘பெண்’ கட்டத்தில் ஓர் எண், அவ்வளவே.

பூட்டிய கோட்டியும் பம்புசெட் கொட்டகையும்

பியாஸ், சட்லெஜ் ஆறுகளுக்கு நடுவிலுள்ள தோவாபா பகுதிக்கு வருவோம். ஜலந்தர், கபூர்தலா, ஹோஷியார்பூர், நவான்ஷஹர் மாவட்டங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனடாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஆள் போன மண். 1950-களிலும் 60-களிலும் இங்கிலாந்தின் வார்ப்பாலைகளுக்குப் போனார்கள். ஜட் மட்டுமில்லை, ஆத் தர்மி தலித்துகளும் போனார்கள். ஊருக்குள் நுழையும்போது ‘கோட்டி’ எனப்படும் மூன்று மாடி பங்களாக்கள் தெரியும். மாடி உச்சியில் தண்ணீர்த் தொட்டி விமான வடிவத்தில் நிற்கும், சில வீடுகளில் கால்பந்து, கழுகு. கீழே இரும்புக் கதவில் பூட்டு. பக்கத்து அறையில் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒரு குடும்பம் காவலுக்கு. மாலையில் விளக்கு எரிவது அந்த அறையில் மட்டும்.

போகும் வழி இப்போது மாணவர் விசா. சின்ன ஊர்ப் பேருந்து நிறுத்தங்களில்கூட ‘ஐலெட்ஸ்’ பயிற்சிப் பலகை தொங்கும். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணைத் தேடி, படிப்புச் செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பையன் கனடா போகும் ஏற்பாடு பரவலாக நடந்தது. வரதட்சணை திசை மாறிப் பாய்ந்தது. பெண் வேண்டாமென்ற அதே மண்ணில் ஒரு பெண்ணின் ‘பேண்ட்’ மதிப்பெண்ணுக்கு விலை! 2024-இல் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்ததும் இந்தச் சந்தை ஆட்டம் கண்டது.

இப்போது உள்ளே வருபவர்கள். ஊருக்கு வெளியே வயல் நடுவில் பம்புசெட் கொட்டகை. பக்கத்தில் ஒரு செங்கல் அறை, வாசலில் மண் அடுப்பு, கயிற்றில் காயும் துண்டுகள். ஜூன் மாதம் நாற்று நட வருபவர்கள் பத்துப் பேர் அதில் தங்குவார்கள். ஊரில் இவர்களுக்குப் பெயர் ‘பையா’. அண்ணன் என்று பொருள், தொனி வேறு. நம்மூரில் ‘வடக்கன்’ என்கிறோமே அதே தொனி. வேடிக்கை என்னவென்றால் பஞ்சாபிக்கு அவர்கள் ‘பூர்பியா’. நம் வடக்கன் அங்கே கிழக்கன்.

இவர்கள் எத்தனை பேர் என்று ஊர் அட்டவணையில் தேடிப் பயனில்லை. காரணம் பருவம். இந்தியக் கணக்கெடுப்பில் ஆளெண்ணும் வேலை பிப்ரவரியில் நடக்கிறது. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்தக் காலம் முழுக்க வெளியில் இருப்பவரை அவர் ஊரில் எண்ணமாட்டார்கள். பஞ்சாபில் பிப்ரவரி என்பது கோதுமை பச்சையாக நிற்கும் மாதம். அறுவடை ஏப்ரலில், பைசாகியை ஒட்டி. நெல் நடவு ஜூனில். நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் வந்த சட்டம் ஜூன் மாதத்துக்கு முன்னால் நடவே கூடாது என்று தடுத்தபிறகு, முன்பு பல வாரங்கள் பரவி நடந்த வேலை சில வாரங்களுக்குள் சுருங்கியது. ஆள் தேவை அந்த நாட்களில் எகிறுகிறது. பிப்ரவரியில் அந்த நடவாட்கள் பீகாரில் தங்கள் வீட்டில் இருப்பார்கள், அங்கேதான் எண்ணப்படுவார்கள்.

அவர்கள் எண்ணிக்கை என்னவென்று ஊருக்குப் புரிந்தது 2020 ஊரடங்கில். ரயில் இல்லை, ஆள் வரவில்லை. விவசாயிகள் பேருந்து பிடித்துப் பீகாருக்கு அனுப்பி ஆட்களைக் கூட்டிவந்தார்கள். உள்ளூர் தலித் கூலிகள் ஏக்கருக்கு அதிகம் கேட்டபோது, பல ஊராட்சிகள் கூலிக்கு உச்சவரம்பு வைத்துத் தீர்மானம் போட்டன. மீறினால் அபராதம் என்றுகூடச் சில ஊர்களில் எழுதினார்கள்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. இன்று எந்தப் பஞ்சாப் கிராமத்தின் மக்கள்தொகை என்று தேடினாலும் கிடைப்பது 2011-இன் எண்தான். இடையில் கனடாவுக்குப் போனவர்கள் அதில் இன்னும் ஊரிலேயே இருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இந்த முறை எல்லாச் சாதிகளையும் எண்ணுவார்கள். ஜட் எத்தனை பேர் என்று 1931-க்குப் பிறகு முதன்முறையாகத் தெரியலாம். ஆளெண்ணும் வேலை மறுபடியும் பிப்ரவரியில். கோதுமை பச்சையாக நிற்கும், கோட்டிகள் சில விடுமுறைக்கு வந்தவர்களால் திறந்திருக்கும், பம்புசெட் கொட்டகைகளில் பெரும்பாலும் ஆள் இருக்காது.